கத்தியில் ஒட்டியது

காலை பதினொன்றுக்குள் நாற்பது பெட்டி.
நாற்பத்தொன்றில் கத்தி இழுக்கத் தொடங்கும்.
அலகின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு திரட்டு,
அதில் சேலை நூல், எறும்பின் கால்,
டேப்பில் அச்சடித்திருந்த ‘கவனம்’ என்பதில்
‘வனம்’ மட்டும்.

செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில்
திரும்பி வந்த பார்சல்களைப் பிரிப்பது என் வேலை.
அளவு சேராதவை, படத்தில் வேறு நிறமாய் இருந்தவை,
வாங்கியவரே மறந்து போனவை,
‘கதவு பூட்டு’ என்று பேனாவால் கிறுக்கியவை.

ஞானசௌந்தரி மேடம் கொடுத்த கட்டர்
மூன்றாம் நாளே பல்லிளித்தது.
இது என் சொந்த மடக்குக் கத்தி.
லீ பஜாரில் நூற்றெண்பது சொன்னான்,
நூற்று நாற்பதுக்குப் படிந்தது.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.
மதியம் நறுக்கிய வெள்ளரிக்காய்
ஸ்டவ் வாசம் அடித்தது.
நகப்பூச்சு கழற்றும் திரவம்
பிசினை விட்டுவிட்டுக் கைப்பிடியைக் கழற்றியது.
கம்பி நாரால் தேய்த்ததுதான் பெரிய முட்டாள்தனம்:
அலகெல்லாம் கீறல்,
ஒவ்வொரு கீறலிலும் மறுநாள்
வாடகையில்லாமல் குடிவந்தது பசை.

பக்கத்துக் கிடங்கு ஜவ்வரிசி மில்காரர்களுடையது.
ஜன்னல் கம்பியில் எப்போதும் வெள்ளையாய் மாவு.
ஒரு சிட்டிகை எடுத்து அலகில் பூசினால்
இருபது பெட்டி தாங்கும். முப்பது தாங்காது.
நுனியால் மட்டும் கீறு, வயிற்றை உள்ளே விடாதே
என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
கூர்மையான கத்தியிடம் எனக்குப் பயமில்லை.
தயங்குகிற கத்திதான் விரலைத் தேடும்,
கட்டைவிரலில் நாலு தையல் சாட்சி.

மார்கழியில்
ஏற்காட்டு வண்டி மாசிலாமணி
சுமையை இறக்கிவிட்டு ஒரு கமலா ஆரஞ்சு எறிந்தான்.
இருபது கொண்டை ஊசியும் உருண்டு வந்த பழம்.
அழுக்குக் கத்தியாலேயே தோலைக் கீறினேன்.
சுருக்கென்று கண்ணில் தெறித்தது எண்ணெய்.
கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால்
அலகில் பிசின் நெளிந்து, வழுக்கி,
துணியோடு வந்துவிட்டது.

சாறு கூடாது, தோல் மட்டும்.
சாறு இரும்பில் நீலமாய்க் கறை வைக்கும்.
தோலை மடித்துப் பிழிந்து, துடைத்து, உலர்த்தி,
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.
அன்றிலிருந்து என் மேசையைக் கடக்கிறவர்கள்
‘யாரோ பழம் தின்கிறார்கள்’ என்கிறார்கள்.

அதே வாரம்
நாகலூரிலிருந்து மூன்றாம் முறை திரும்பியது ஒரு பெட்டி.
முதல் பயணத்தின் பழுப்பு டேப்,
மேலே கண்ணாடி டேப்,
அதன்மேல் மறுபடி பழுப்பு.
மூன்றாம் முறை வந்தால் பிரித்துப் பட்டியலிட வேண்டும்.
கத்தி மூன்று தடவை திக்கியது.
முகவரிச் சீட்டும் கூடவே கிழிந்து
‘வெள்ளச்சி’யின் ‘ச்சி’
அலகில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே மழைக்காலணி. சிறுபிள்ளை அளவு.
மழை போய் மூன்று வாரம்.

தோலைப் பிழிந்தேன்.
எழுத்து துணிக்கு மாறியது, தலைகீழாக.

‘அந்த வீடு எனக்குத் தெரியும்’ என்றான் மாசிலாமணி.
‘பூட்டுதான். ஆனா கொடியில துணி காயுது,
ஒவ்வொரு தடவையும் வேற துணி.
காப்பிப் பழம் பறிக்கிற நேரம்,
விடியக்காலையில போனா இருப்பாங்க.’

பட்டியலில் எதுவும் எழுதவில்லை.
மேடம் சாப்பிடப் போயிருந்தார்.
பெட்டியை மூடி, பெயரைப் புதிதாய் எழுதி,
நாலாவது டேப்பை ஓட்டினேன்.
முனையை மட்டும் ஒரு விரலகலம்
உள்பக்கமாய் மடித்து விட்டேன்,
பிடித்து இழுத்தால் போதும்,
சின்னக் கைக்கும் வரும்.

பிறகு ஜன்னல் கம்பியில் அலகைத் தேய்த்து
அடுத்ததை எடுத்தேன்.
குக்கர். மூடி இல்லை.